மேல்வீட்டு ரேடியோ

எங்களுக்கு மேல்வீட்டில் ரேடியோ இருக்கிறான். ரேடியோ என்றால் பாட்டுப் பாடும் பெட்டி இல்லை, ஆள். வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதால் தொழிற்சாலையில் வைத்த பெயர். அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவன் ஆபரேட்டர், நான் ஃபிட்டர். அவன் மெஷினை ஓட்டுவான், அது மக்கர் செய்தால் நான் சரி செய்வேன். கல்யாணமான புதிதில் என் மனைவி அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்பிள்ளை. சொந்தக்காரர்களுக்குக்கூட சொந்தம் இவ்வளவு சுலபமாக அமைவதில்லை.

என் வலது கை போன நாளிலிருந்து அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மாடிக்குப் போக வேறு வழி கிடையாது. எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். சாயங்காலம் படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும். எங்கள் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் அது மெலிந்துவிடும். திருடன் மாதிரி நுனிக்காலில் நடந்து போவான். அப்புறம் மேலே நாற்காலி இழுபடும், தண்ணீர் திறக்கும், மூடும். பேச்சு மட்டும் கேட்காது. பெண்டாட்டியிடம்கூடப் பேசுவதில்லை போலிருக்கிறது. என்னிடம் வராதது ஒரு கோபம் என்றால், அங்கேயும் ஊமையாக உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னொரு கோபம். யாருக்காக இந்த மௌன விரதம்?

கை போனது என்று சொன்னேன். சரியாகச் சொன்னால் நான்கு விரல்களும் உள்ளங்கையில் பாதியும். கட்டைவிரல் மட்டும் தப்பித்துவிட்டது. அது நிமிர்ந்து நின்று, பார்க்கிறவர்களுக்கெல்லாம் 'பிரமாதம்' என்று காட்டிக்கொண்டிருக்கிறது. பேருந்தில் ஒரு குழந்தை பதிலுக்குத் தன் கட்டைவிரலைக் காட்டியது. நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் மெஷின் ஒரு சின்னத் தெரு நீளம் இருக்கும். ஒரு முனையில் பட்டன்களோடு ரேடியோ நிற்பான். பசை தடவும் உருளைகள் மறுமுனையில். அங்கே நான் குனிந்து வேலை செய்தால் அவனுக்கு என் தலைமுடிகூடத் தெரியாது. பக்கத்தில் இன்னும் இரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் தட்டுவோம். மெஷினின் இரும்புச் சட்டத்தில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் 'நிறுத்து'. இரண்டு தட்டினால் 'ஓட்டு'. மூன்று தட்டினால் 'இங்கே வா'. ரேடியோ எப்போதும் சட்டத்தின் மேல் ஒரு கையை வைத்திருப்பான். தட்டு அவன் கைக்குத்தான் கேட்கும். நாங்கள் கண்டுபிடித்தது இல்லை இது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூபர்வைசர் சுத்தியலால் தட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவன் சமையலறைக் குழாய்தான் கீழே இறங்கி எங்கள் சமையலறைக்கு வருகிறது. ஷிப்டுக்குக் கிளம்பும்போது கரண்டியால் அதில் இரண்டு தட்டுவான். நானும் இரண்டு தட்டுவேன். டீ போட்டிருந்தால் மூன்று. "ரெண்டு பேருக்கும் வாய் எதுக்கு இருக்கு?" என்பாள் என் மனைவி.

அன்று உருளைக்கு நடுவில் ஒரு அட்டைத் துண்டு சிக்கிக்கொண்டது, பேரிங்கும் கத்தியது. ஒரு தட்டு தட்டினேன். ரேடியோ நிறுத்தினான். மூடியைக் கழற்றிவிட்டு, வலது கையை உருளைகளுக்கு நடுவில் விட்டு அட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். இடது கையில் ஸ்பேனர். கையெல்லாம் கிரீஸ். ஸ்பேனர் நழுவிக் கீழ்ச் சட்டத்தில் விழுந்தது. துள்ளி, மறுபடி விழுந்தது.

இரண்டு தட்டு.

இரண்டாவது சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையை எடுக்க நேரமில்லை, தெரிந்துகொள்ள மட்டும் நேரமிருந்தது. கத்தினேன். அந்த இரைச்சலில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை.

மெஷினை நிறுத்தியதும் ரேடியோதான், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான் என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை என் தலை அவன் மடியில் இருந்ததாம். நான் கண் விழித்தபோது மேனேஜர்தான் பழக்கூடையோடு நின்றிருந்தார். அந்தப் பழங்களை உரிக்க எனக்குக் கை இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. "உங்க கவனக்குறைவுதான். ஆனாலும் கம்பெனி மனிதாபிமானத்தோட ஏதாவது செய்யும்," என்றார். ஒரு தாளை நீட்டி இடது கைப் பெருவிரலைக் கேட்டார். எனக்கு மிச்சமிருப்பதே விரல்கள் கொஞ்சம், அதையும் இவரிடம் கொடுப்பதா? கூடையையும் தாளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பழத்தை விட்டுவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனார்.

வேலைக்கு வர வேண்டாம் என்று அப்புறம் தகவல் வந்தது. சங்கத்துக்காரர்கள் ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினார்கள். பெரிய தோள்பை, வேகமான பேச்சு. என் கையைப் பார்த்து 'ஐயோ' சொல்லாத முதல் ஆள் அவர். அதற்காகவே எனக்குப் பிடித்துப்போனது.

"வேலை செய்யும்போது அடிபட்டா இழப்பீடு உங்க உரிமை. அவங்க போடுற பிச்சை இல்ல," என்றார். "நீங்க அசந்துட்டீங்க, மறந்துட்டீங்கன்னு சொல்லியெல்லாம் தப்பிக்க முடியாது. ஒரே ஒரு வழிதான் இருக்கு. பூட்டு கொடுத்திருந்தோம், இவர் வேணும்னே போடலன்னு நிரூபிக்கணும். அதைத்தான் செய்யப் போறாங்க."

பூட்டு உண்மையிலேயே இருந்தது. சூபர்வைசர் அறைக்கு வெளியே ஒரு பலகையில் வரிசையாகச் சிவப்புப் பூட்டுகள் தொங்கும். பழுது பார்க்கிறவன் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் வந்து திறக்கும் வரை யாராலும் மெஷினை ஓட்ட முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று மெஷினுக்கும் ஒரே மெயின் சுவிட்ச். ஒன்றைப் பூட்டினால் மூன்றும் நிற்கும். ஒரு தடவை நான் பூட்டை எடுக்கப் போனேன். "ஒரு பேரிங்குக்கு மூணு மெஷினையும் நிறுத்துவியா? தட்டி வேலையப் பாருடா!" என்று கத்தினார் சூபர்வைசர். அப்புறம் அந்தப் பூட்டுகளை யாரும் தொட்டதில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆய்வுக்கு ஆள் வந்தால் தூசி மட்டும் தட்டுவார்கள்.

"இதைச் சொல்ல ஒரு ஆள் வேணும்," என்றார் வக்கீலம்மா. "எல்லாரும் தட்டித்தான் வேலை செஞ்சோம், பூட்டைத் தொட விடலன்னு. நீங்க மட்டும் சொன்னா போதாது."

மற்ற ஃபிட்டர்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். கையைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். சாட்சி என்றதும் ஒருவனுக்குப் பெண் கல்யாணம், ஒருவனுக்கு வீட்டுக் கடன். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. பாதி வழி வரை திட்டினேன்.

அப்புறம் ரேடியோ பெண்டாட்டி ஒரு நாள் வந்தாள், அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"அண்ணே, அவரு உங்களப் பாக்கக் கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. நீங்க தட்டாமலே அவரு பட்டன அழுத்தினாருன்னு ஆச்சுன்னா அவரு மேலதான் கேசு வருமாம். ரெண்டு தட்டு கேட்டுச்சு, பூட்டு போட வேண்டியது உங்க வேலைன்னு அவங்க பக்கம் சாட்சி சொன்னா விட்டுடுவாங்களாம்."

"தட்டு கேட்டுச்சாம்மா அவனுக்கு?"

"மொதல்ல கேட்டுச்சுன்னாரு. இப்போ அவருக்கே சந்தேகம். சரியாத் தூங்குறதே இல்லண்ணே. கேட்டுச்சா, நானா நெனச்சுக்கிட்டனான்னு கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்பேனர் விழுந்ததைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் படியேறிவிட்டாள்.

நானும் படியேறிப் போயிருக்கலாம். அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கை போனது எனக்கு, படியும் நானே ஏற வேண்டுமா?

அந்த நாட்களில் எனக்குப் பேச்சுத் துணை என்று யாருமில்லை. என் மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். போவதற்கு முன் சமையலறையில் இருக்கும் எல்லா டப்பாக்களின் மூடியையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போவாள், நான் ஒற்றைக் கையால் திறப்பதற்காக. சர்க்கரையில் எறும்பு, காபித்தூள் கட்டி, பிஸ்கட் நமுத்துப்போயிற்று. எல்லா மூடியும் தொட்டதும் கையோடு வந்தது. அவள் அன்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த மூடிகளைப் பார்க்கப் பார்க்க அழுகை வரும். யாருமில்லாத வீட்டில் ஒரு ஆண்பிள்ளை சர்க்கரை டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தார். "நீங்க தட்டினீங்களான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்கோங்க."

"ஸ்பேனர் விழுந்தது?"

"கேட்டா சொல்லுங்க. கேக்காததை நீங்களா இழுத்துவிடாதீங்க. சிக்னல் உங்க கையிலிருந்துதான் போச்சுன்னு அதைப் பிடிச்சுக்குவாங்க."

இழப்பீட்டு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. வெளியே நல்ல மழை, தாழ்வாரம் முழுவதும் ஒழுகியது. அதனால் சாட்சிகளையும் உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டார் அதிகாரி. ஜலதோஷம் பிடித்த வயதான மனிதர். மூக்கைத் துடைத்துத் துடைத்து அது சிவந்திருந்தது. கம்பெனி வேனில் வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். சூபர்வைசருக்கும் மேனேஜருக்கும் நடுவில் ரேடியோ. பாதியாக இளைத்திருந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்கிறான் என்று நினைத்தேன்.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் பூட்டுப் பலகையின் புகைப்படத்தைக் காட்டினார். அழகாக எடுத்திருந்தார்கள்.

"இதுல உங்க பூட்டு இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்குப் போட்டீங்களா?"

"இல்லை. போட விட்டதில்ல."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்க ரெண்டு தட்டு தட்டினீங்களா?"

"இல்லை."

வக்கீலம்மா தலையசைத்தார். அதோடு நிறுத்த வேண்டும். நான் சொன்னது பொய் இல்லை, நான் தட்டவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை அறையைத் தாண்டிப் போய் ரேடியோ மேல் விழுந்ததைப் பார்த்தேன். அவன் உதடு நின்றுவிட்டது. தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தான். இந்தக் கேஸில் நான் தோற்றால் மருந்துக்கும் வாடகைக்கும் என் மனைவியின் சலவைச் சம்பளம்தான். தெரியும். அவன் மேல் எனக்கிருந்த கோபமும் அப்படியே இருந்தது. இருந்தாலும் அந்த முகத்தோடு அவன் படியேறி வீட்டுக்குப் போவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

"ஐயா, நான் தட்டல. ஆனா ரெண்டு தட்டு கேட்டது நிஜம்," என்றேன் அதிகாரியிடம். "என் ஸ்பேனர் கீழ விழுந்துச்சு. விழுந்து துள்ளி இன்னொரு தடவை விழுந்துச்சு. அவன் கைக்கு அது தட்டு மாதிரிதான் இருந்திருக்கும். அவன் இடத்துல நான் இருந்திருந்தாலும் பட்டன அழுத்தியிருப்பேன்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "குறிச்சுக்கோங்க ஐயா. சிக்னல் இவர் கையிலிருந்துதான் போயிருக்கு," என்றார். சூடு ஆறுவதற்குள் ரேடியோவைக் கூப்பிட்டார்.

அவன் எழுந்து வந்து நின்றான்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான். குரல் கரகரத்தது. "கேட்டுச்சுங்க. நான் பைத்தியம் இல்ல. கேட்டுச்சு."

"சரி. ஃபிட்டர் பூட்டு போடணும்னு உங்க கம்பெனியில விதி இருக்கு, இல்லையா?"

ரேடியோ திரும்பி என்னைப் பார்த்தான். அத்தனை மாதத்தில் முதல் தடவை. என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் கையை, அந்தக் கட்டைவிரலை. பிறகு வாயைத் திறந்தான்.

அப்புறம் மூடவில்லை. "விதியா? சுவத்துல தொங்குதுங்க விதி. அந்தப் பூட்டோட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. போட்டோவுலயே தெரியும், நல்லாப் பாருங்க. மூணு மெஷினுக்கும் ஒரே சுவிட்சு. எவன் பூட்டுவான்? இவன் ஒரு தடவ பூட்டை எடுக்கப் போனான், தட்டி வேலையப் பாருடான்னு சூபர்வைசர் கத்தினாரு, நான் பக்கத்துலதான் நின்னேன். தட்டச் சொல்லிக்கொடுத்ததே அவருதான், அதோ உக்காந்திருக்காரு, கேளுங்க. நேத்து வரைக்கும் தட்டித்தாங்க வேலை செஞ்சோம். இவன் கை போன அதே உருளைகிட்ட, நேத்தும்!"

"கேட்டதுக்கு மட்டும்..." என்றார் கம்பெனி வக்கீல்.

"பேச விடுங்க," என்றார் அதிகாரி. மூக்கைத் துடைப்பதை விட்டுவிட்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

"பட்டன அழுத்தினது இந்தக் கைதான்," என்று ரேடியோ வலது கையைத் தூக்கிக் காட்டினான். "எந்தக் கேசு வேணும்னாலும் போடுங்க. ஆனா இவன் வேணும்னே பண்ணான்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க."

சூபர்வைசர் கூரையைப் பார்த்தார். மெயின் சுவிட்சை நேரில் வந்து பார்ப்பதாகவும், அதுவரை அந்தப் பலகையில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் அதிகாரி சொன்னார். உத்தரவு பின்னால் வரும். வெளியே வந்ததும் வக்கீலம்மா, "என் பேச்சைக் கேக்காத கட்சிக்காரரை வச்சு ஜெயிக்கறது இதுதான் முதல் தடவையா இருக்கும்," என்றார். ஜெயித்துவிடுவோமா என்று கேட்டேன். "இன்னும் இல்ல," என்றார்.

கீழே ரேடியோவைத் தேடினேன். கம்பெனி வேன் அவனை ஏற்றாமல் போயிருந்தது. மழையில் தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். அவனைக் காணோம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாக வீடு வந்தேன். பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது.

சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் கதவருகே வந்ததும் நின்றது. நான் எழுந்து தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் மேலே ஏறிப் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சமையலறைக்குப் போனேன். கரண்டியை இடது கையில் எடுத்துக் குழாயில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இங்கே வா. பதில் இல்லை. தட்டின சத்தம் மேலே போகாமல் எதிலோ முட்டிச் செத்துவிடுவது போல இருந்தது. மறுபடி மூன்று தட்டினேன். மறுபடியும். வாடா, வாடா, வாடா என்று தட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை தட்டு என்ற கணக்கெல்லாம் போய்விட்டது.

படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. செருப்பில்லாமல், நனைந்த சட்டையோடு ரேடியோ ஓடி வந்து என் கையிலிருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டான்.

"தட்டாத மாப்ளே. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், தட்டாத. மேல குழாய் முழுக்கத் துணி சுத்தி வச்சிருக்கேன். தண்ணி வந்தாக்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுது. வாயால கூப்பிடுடா. வாயால கூப்பிட்டா நான் வர மாட்டனா?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

அவன் கரண்டியை வாங்கி அலமாரியில் வைத்தான். சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். சர்க்கரை டப்பா, காபித்தூள் டப்பா, உப்பு ஜாடி என்று எல்லாம் வாய் பிளந்து நின்றன. சர்க்கரையிலிருந்த எறும்பை ஊதித் தள்ளினான். மூடியைத் தேடி எடுத்து இறுக்கி மூடினான். அடுத்ததை எடுத்தான், அதையும் மூடினான். ஒவ்வொன்றாக, அலமாரியில் இருந்த அத்தனையையும், என் ஒற்றைக் கையால் ஒருநாளும் திறக்க முடியாதபடி இறுக்கினான்.

"டேய், நான் எப்படிடா திறக்கிறது?" என்றேன்.

"கூப்பிடு," என்றான். "மேலதான இருக்கேன்."